சந்தேகம் யார் மேல்?

800 மீட்டர் ஓட்டத்தில் ஆண்களின் உலக சாதனை 1 நிமிடம் 40.91 விநாடி, பெண்களுடையது 1 நிமிடம் 53.28 விநாடி. பெண்களுக்குத் தனிப் போட்டி வைத்திருப்பதே இந்தப் பன்னிரண்டு விநாடிக்காகத்தான். அந்தப் பிரிவு இல்லையென்றால் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஒரு பெண்ணைக்கூடப் பார்க்க முடியாது. எனவே அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று தடகள நிர்வாகிகள் சொல்வதை வெறும் ஆணாதிக்கம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. பாலினச் சோதனையை எதிர்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா தொடுத்த வழக்கில் 2019 மே மாதம் சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம், சில வீராங்கனைகளின் இயற்கையான டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு வரம்பு வைக்கும் ஹார்மோன் விதி பாகுபாடானதுதான், ஆனாலும் தேவையானது என்று 2–1 பெரும்பான்மையில் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் யோசிக்காமல் எழுதிய தீர்ப்பு என்று சொல்லமாட்டேன்.

என் புகார் வேறு. அளப்பதற்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்?

1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன்னால் ஆடையில்லாமல் நிற்க வேண்டியிருந்தது. 1968 ஒலிம்பிக்கிலிருந்து குரோமோசோம் சோதனை வந்தது; எல்லாப் பெண்களுக்கும். 1996 அட்லாண்டாவில் 3,387 பேரைச் சோதித்ததில் எட்டுப் பேரின் முடிவு மாறுபட்டது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். பெண் வேடத்தில் வந்த ஆண் ஒருவரும் சிக்கவில்லை. 1999இல் ஒலிம்பிக் கமிட்டி இதைக் கைவிட்டது. அதன்பின் மிஞ்சியது, சந்தேகம் எழுந்தால் மட்டும் சோதனை. பார்ப்பதற்குத் தாராளமான விதி. ஆனால் ஒரு பெண்ணின் தோளையும் தாடையையும் பார்த்துச் சந்தேகப்படுகிறவரின் கண் எங்கே பழகியது என்று அந்த விதி கேட்பதில்லை.

பனிப்போர்க் காலத்தில் அந்தக் கண் சோவியத், போலந்து, செக்கோஸ்லோவாக்கியப் பெண்கள் மேல் இருந்தது. மேலே சொன்ன 1:53.28 சாதனை 1983இல் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோச்விலோவா படைத்தது. அவர் உடற்கட்டை மேற்கத்தியப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. ஆக, நிறம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்தந்தக் காலத்தில் யார் அந்நியரோ அவர்கள் மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. இப்போது ஆப்பிரிக்க, ஆசியப் பெண்களின் முறை. 2016 ரியோவில் 800 மீட்டரில் முதல் மூன்று இடமும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு. ஐந்தாவதாக வந்த போலந்து வீராங்கனை, தான் முதல் ஐரோப்பியர், இரண்டாவது வெள்ளைக்காரர் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். நல்லவேளை, வாய்விட்டுச் சொன்னார். இத்தனைக்கும் செமன்யாவின் சிறந்த நேரமான 1:54.25 அந்தப் பழைய சாதனையைத் தொடவேயில்லை.

ஊடகத்தின் பங்கு இங்கேதான். 2009 பெர்லின் உலகப் போட்டியில் செமன்யாவுக்கு வயது 18. அவருக்குச் சோதனை நடக்கிறது என்ற செய்தி, இறுதி ஓட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு கசிந்தது. அடுத்த மாதமே ஒரு தென்னாப்பிரிக்க வார இதழ் அவருக்கு நகையும் மேக்கப்பும் போட்டு அட்டையில் நிறுத்தியது. ஆதரிக்க வந்த இதழும் அவரைப் ‘பெண்ணாக்கி’த்தான் காட்டியது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜனுக்கு அந்த ஆதரவுகூட இல்லை. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் குடும்பம். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 2:03.16 நேரத்தில் வெள்ளி வென்றார். சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. ஆணா பெண்ணா என்று நாடே தொலைக்காட்சியில் பேசியது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. கூடவே ஒரு டி.வி. பெட்டியும்! செமன்யாவுக்காக ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் கூட்டம் திரண்டது. பெர்லினில் வென்ற தங்கம் அவரிடமே இருக்கிறது. (அவருக்குத் தெரியாமல் சோதனை செய்துவிட்டுப் பொய் சொன்னது அவர் நாட்டுச் சங்கத் தலைவர்தான் என்பதையும் மறைக்க வேண்டாம்.) சாந்திக்காக மேல்முறையீட்டுக்கு இந்தியா போகவில்லை. சில வருடம் கழித்து அவரும் சூளை வேலைக்குப் போனார்.

2014இல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் ஹார்மோன் அளவைக் காட்டி விலக்கப்பட்டபோது நிலைமை மாறியது. இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது, வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். 2015இல் தீர்ப்பாயம் அப்போதைய ஹார்மோன் விதியையே நிறுத்திவைத்தது. அடுத்து வந்த 2018 விதிக்கு முக்கிய ஆதாரமான ஆய்வு ஹார்மோனுக்கும் வேகத்துக்கும் காரணத் தொடர்பை நிறுவவில்லை என்று 2021இல் அதை எழுதியவர்களே திருத்தம் வெளியிட்டார்கள்.

2025 செப்டம்பர் முதல் உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பங்கேற்கும் எல்லாருக்கும் வாழ்நாளில் ஒருமுறை, ஆண் வளர்ச்சியைத் தூண்டும் எஸ்ஆர்ஒய் மரபணு இருக்கிறதா என்று சோதனை. கண்ணின் பாரபட்சத்தை இது எடுத்துவிடுகிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த குழுவின் ஆண்ட்ரூ சின்கிளேரே, அதை மட்டும் வைத்துப் பாலினத்தை முடிவுசெய்வது தவறு என்கிறார். தன் உடலில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்ந்த பெண்ணுக்கு யார் எப்படிச் சொல்வது என்பதும் அப்படியே நிற்கிறது. சோதனைக்காகக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சை வைக்குமுன் அவள் மொழியில் உட்கார்ந்து பேசும் மருத்துவர், முடிவு வெளியே போகாது என்ற உறுதி, மேல்முறையீட்டுக்கு ஆகும் செலவு: இந்த மூன்றையும் சங்கங்களின் கடமையாக விதியிலேயே எழுதும்வரை இந்தச் சோதனைக்கு என் ஆதரவு கிடையாது.