ஏற்காட்டுப் ‘பிரமிடு’: ஒரு திறனாய்வு

சேர்வராயன் மலையில், ஏற்காட்டினின்று சிறு தொலைவில், பகோடா முனை என்றொரு காட்சியிடம் உண்டு. மலைவாழ் மக்கள் அடுக்கிய நான்கு கற்குவியல்கள் அங்கே உள்ளன. பயணிகள் சிலருக்கு அவை பகோடாவாகத் தோன்றின. வேறு சிலருக்குப் பிரமிடாகத் தோன்றின. எனவே பிரமிடு முனை என்ற பெயரும் வழங்கலாயிற்று. இன்று அவற்றினிடையே இராமர் கோயில் ஒன்றும் உள்ளது. பகோடா பர்மாவை நினைவூட்டுகிறது. பிரமிடு எகிப்தை நினைவூட்டுகிறது. கோயில் அயோத்தியை நினைவூட்டுகிறது. கற்களை அடுக்கிய மக்களையோ இவற்றுள் எதுவும் நினைவூட்டுவதில்லை.

இக்குறையில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வாலிபர் தியான முகாம் ஒன்றில், மாலை வேளையில், அவ்விடத்திலேயே நின்று பிரசங்கித்தேன். “இதோ மரண தேவனின் வீடு; அதோ கிறிஸ்துவின் வெறுமையான கல்லறை” என்று ஒப்பிட்டேன். பலர் மெச்சினர். மலைநாட்டிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் மட்டும் தனியே வந்து, “ஐயா, இதை வைத்தவர்கள் அப்படிச் சொன்னார்களா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. நான் எவரையும் கேட்டிருக்கவில்லை.

என் பிரசங்கத்துப் பிரமிடு எங்கிருந்து வந்தது? வேதாகமத்திலிருந்து அன்று; திரைப்படங்களிலிருந்தும் மர்மக் கதைகளிலிருந்தும் வந்தது. பாலைவன நடுவே தனித்த பிரமிடு, உள்ளே மறுவுலகத் தெய்வம், வாயிலிலே சாபம் என்பதே அக்கதைகளின் அச்சு. 1932-இலும் 1999-இலும் வெளிவந்த ‘மம்மி’ படங்களில் இம்ஹோதெப் என்பவன் உயிர்த்தெழும் கொடிய பூசாரி. வரலாற்றிலோ, சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடை அமைத்தவராகக் கருதப்படுபவர் அவர். பிற்காலத்தார் அவரை நோய் தீர்க்கும் தெய்வமாகவே வணங்கினர்.

கீசாவின் பெரிய பிரமிடு பாலைவன நடுவில் இல்லை. நைல் பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ளது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன், சுமார் 146 மீட்டர் உயரத்தில் எழுந்த அது கூஃபு மன்னனின் கல்லறை. மறுவுலகத் தெய்வமான ஒசிரிசின் கோயில் அன்று. ஒசிரிசின் தலையாய திருத்தலம் அபிதோஸ். பிரமிடின் உட்சுவர்களில் மறுவாழ்வுக்கான வாசகங்களை முதன்முதல் பொறித்தவன், கூஃபுவுக்குப் பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து வந்த ஊனாஸ் மன்னன். இஸ்ரவேலர் பிரமிடு கட்டினர் என்று நம்மில் சிலர் இன்றும் போதிக்கிறோம். யாத்திராகமம் முதல் அதிகாரம் கூறுவதோ பண்டசாலைப் பட்டணங்களையும் செங்கல் வேலையையும் வயல் வேலையையும் மட்டுமே. கீசாவில் உழைத்த தொழிலாளரின் கல்லறைகள் 1990 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தம் மன்னனின் பிரமிடுக்கு அருகிலேயே அவர்கள் அடக்கம்பண்ணப்பட்டிருந்தனர்.

உருவத்தைக் கண்டு பொருளைத் தீர்மானிப்பது எத்துணை ஆபத்தானது என்பதை வேதாகமமே கற்பிக்கிறது. யாக்கோபும் லாபானும் குவித்த கற்கள் உடன்படிக்கையின் சாட்சி (ஆதி. 31). ஆகானின்மேல் குவித்தவை தண்டனையின் அடையாளம் (யோசுவா 7). கில்காலில் நாட்டியவை விடுதலையின் நினைவு (யோசுவா 4). கல் ஒன்றே, பொருள் மூன்று. கில்கால் கற்களின் பொருளைப் பிள்ளைகள் தம் பிதாக்களிடம் கேட்பார்கள் என்கிறார் யோசுவா, வழிப்போக்கரிடம் அன்று.

நமக்கு உவமை தேட எகிப்து வரை செல்லவும் வேண்டியதில்லை. சங்கப் பாடல்களின் பாலை நிலத்திலே, வழியில் மாண்டோர்மேல் கல் குவித்த பதுக்கைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இறந்தோரை மறவாத மக்கள் இந்நாட்டிலும் இருந்தனர். கற்களை வாசிக்கும் பொறுமைக்கும் ஏற்காட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கு வாழ்ந்தவர். இங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அவர் நினைவுச் சின்னம் உள்ளது. கல்லை எடுத்த இடத்தையும் அது கிடந்த மண்ணையும் ஆராய்ந்த பின்னரே அவர் பேசினார்.

அப்படியாயின் பிரமிடைக் குறித்துத் திருச்சபைக்குச் சொல்ல ஒன்றுமில்லையா? உண்டு. ஒரு மன்னனின் அழியாமைக்காக ஒரு நாட்டின் உழைப்பே மலையாகக் குவிக்கப்பட்டது. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோ மரித்த அனைவருக்கும் முதற்பலன். இவ்வேறுபாடு உண்மையானது, பொய்ச் சாபங்களைவிடக் கூர்மையானது. ஆயினும் அதை மலைமக்களின் நான்கு கற்குவியல்களின்மேல் சுமத்த நமக்கு உரிமையில்லை. அரசனுக்கு எதிராகச் சொல்ல வேண்டிய சொல்லை ஏழைக்கு எதிராகச் சொல்வது தீர்க்கதரிசனம் ஆகாது.

பவுல் அத்தேனேயில் சுற்றிப் பார்த்து, பலிபீடத்தின் எழுத்தைப் படித்த பின்னரே வாய் திறந்தார். நம் ஆண்டவரும் தமக்கெனக் கல்லறை வெட்டியவரல்லர். வேறொருவர் வெட்டுவித்த கல்லறையில் வைக்கப்பட்டவர். பிறர் கல்லறைகளை இழிவுபடுத்துவதால் அவருடைய உயிர்த்தெழுதல் மகிமை பெறுவதில்லை. அடுத்த முகாமுக்கு ஏற்காடு செல்லும் உடன் ஊழியர்களே, பிரசங்கக் குறிப்பை எழுதுமுன் மலையூரின் முதியவர் ஒருவரோடு அமர்ந்து கேளுங்கள். அம்மாணவர் எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.