இடிக்கச் சொன்ன வீட்டில் குடியிருக்கிறேன்

"சார், இதை இடிச்சுத் தள்ளிட்டு ரெண்டு மாடி எழுப்பிடலாம். கீழ கடை, மேல வாடகை" என்றார் முதலில் வந்த இன்ஜினியர். வாசலில் நின்றபடிதான் சொன்னார். திண்ணையைத் தாண்டிக் காலே வைக்கவில்லை. உள்ளே வந்து, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

வீடு திண்டிவனத்தில், திந்திரிணீஸ்வரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். தாத்தா கட்டியது. எனக்கு வேலை விழுப்புரத்தில், அப்போது குடித்தனமும் அங்கேயே ஒரு தீப்பெட்டி ஃபிளாட்டில். அப்பா போன பிறகு ஆறு வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. திறந்தபோது கொல்லைச் சுவரோரம் ஒரு புளியங்கன்று ஆளுயரத்துக்கு நின்றது. திந்திரிணி என்றால் புளி, புளியங்காடாக இருந்ததால்தான் ஊருக்கே இந்தப் பேர் என்பார்கள். ஊர் தன் பழைய சொத்தைத் திரும்ப எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஜினியர் வந்துபோன மறுநாளே பழைய மரம் வாங்குகிற ஆள் வந்து நின்றார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நிலைப்படியைத் தட்டிப் பார்த்தார், ஜன்னல் கட்டையை நகத்தால் கீறி மோந்து பார்த்தார். "பர்மா தேக்குண்ணே. நிலை, கதவு, உத்தரம் எல்லாம் சேர்த்து மொத்தமா ஒரு ரேட் பேசிக்கலாம்." அந்த மனிதருக்கு நான் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். அவர் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்துத்தான், இதை விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். விற்றிருந்தால் அந்தக் கதவு புதுச்சேரி, ஆரோவில் பக்கத்துக் கடைகளில் மெருகேறி நின்று, ஏதோ ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறைக்குப் போயிருக்கும். அங்கே காசு கொடுத்துத் தங்கி, "ஆஹா, என்னமா இருக்கு பழைய கதவு" என்று நானே போட்டோ எடுத்திருப்பேன்.

இனி கூரைக்கு வருகிறேன். மெட்ராஸ் டெரஸ்! இந்தப் பேரைச் சொல்லும்போதே எனக்கு வாய் இனிக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் போட்டு, அவற்றின்மேல் அச்சுக்கல்லைக் குத்தலாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்துப் பதித்துக்கொண்டே வருவார்கள். அச்சுக்கல் என்பது ஒரு அங்குலக் கனம், மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல நீளமுள்ள குட்டிச் செங்கல், பிள்ளைகள் கைக்குக்கூட அடங்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க அடிக்க, அது பாறையாக இறுகும். கடைசியில் தட்டோடு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது, கீழே சென்ட்ரிங் கூடக் கிடையாது. கட்டிலில் படுத்து அண்ணாந்து பார்த்தால் சாய்கோடு சாய்கோடாகச் செங்கல் ஓடும். என் பெண் அதை "மீன் முள்ளு" என்பாள்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற பக்கம் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் அங்கே ஒரு குடைவரைக் கோயில் எடுத்து, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் செய்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை பேசியிருக்கிறார். மகாராஜா மன்னிக்கணும். நீங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய நாலில் மூன்றை வைத்துத்தான் என் தாத்தா வீட்டையே முடித்திருக்கிறார். நாலாவதான உலோகம் கதவுக் கீலோடும் ஜன்னல் கம்பியோடும் சரி.

ஆனால் இந்தச் சுண்ணாம்பின் அருமை தெரிய நான் ஒரு அடி வாங்க வேண்டியிருந்தது. முதலில் அமர்த்திய ஆட்கள் படுக்கையறைச் சுவரின் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். பளபளவென்று இருந்தது, நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதல் மழை வந்தது. பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது, முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்தது. அப்புறம்தான் மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேஸ்திரி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். சுவரில் உள்ளங்கையை வைத்தார். "இதுக்கு மூச்சு முட்டுது தம்பி" என்றார்.

விஷயம் இவ்வளவுதான்: பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வாசலை அடைக்கிறது. ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரைத் தின்கிறது. பூசிய சிமெண்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். காசு இரண்டு முறை போனது. மேஸ்திரி கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறப்போட்டார், கடுக்காயைத் தட்டித் தனியாக ஊறவைத்தார். அந்தத் தண்ணீரின் வாடை இருக்கிறதே... ஒரு மாதம் வீடே நாட்டு மருந்துக்கடை. பூசி முடித்துக் கரணையால் தேய்த்துத் தேய்த்து அவர் கொண்டுவந்த மழமழப்பைத் தடவிப் பார்க்க இன்றைக்கும் பக்கத்து வீட்டு அத்தை வருவார். வந்தால் காபி குடிக்காமல் போகமாட்டார், அது வேறு.

கூரையில் இருபத்திரண்டு தேக்குக் கட்டைகள். நான்கு மட்டும் சுவருக்குள் புதைந்திருந்த முனையில் இற்றுப்போயிருந்தன. நீர் இறங்கிய இடம் அது. ஆசாரி முழுக்கட்டையையும் மாற்றாமல், கெட்ட முனையை அறுத்து, பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கை ஒட்டுச் சேர்த்துவிட்டார். ஒட்டு எங்கே என்று இப்போது நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தது பெரிய உதவி. புதுச்சேரி வைசியாள் வீதியில் ஒரு காலை முழுக்க நடந்தேன். இன்டாக் அமைப்பு முன்னின்று வரிசையாகத் திண்ணையும் தாழ்வாரமுமாக மீட்டெடுத்த தெரு அது, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது பெற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பக்கம் தட்சிணசித்ரா, 1996-இல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டையே பெயர்த்து வந்து நட முடியுமென்றால், நின்ற இடத்திலேயே நிற்கிற வீட்டைக் காப்பாற்றவா முடியாது? நம்ம மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்தில் ஆரோவில் இருக்கிறது. அங்குள்ள மண் கட்டுமான நிறுவனத்தில் சுடாத மண் கல்லை அழுத்தி எடுத்து வளைவும் கவிகையும் எழுப்பக் கற்றுத்தருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கொல்லையில் புதிதாகக் கட்டிய குளியலறையின் சுவரை அழுத்திய மண் கல்லில் எடுத்தேன்.

குளியலறை! அம்மா இந்த வீட்டுக்குத் திரும்பி வர ஒரே நிபந்தனைதான் போட்டார்: "ராத்திரில டார்ச் எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போகமாட்டேன்." நியாயம். தாழ்வாரத்தின் கடைசியில் கதவு போட்டு, வீட்டுக்குள்ளிருந்தே போகிற மாதிரி கட்டினோம். வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி, கீசர், வழுக்காத தரை. புதுசு அத்தனையும் இந்தப் புது அறைக்குள்ளேயே அடக்கம். பழைய சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய்கூட ஓடவில்லை. இதை நான் வேதவாக்காகச் சொல்வேன்: ஈரமான சௌகரியங்களைப் பழைய சுவருக்குள் புகுத்தாதீர்கள், பக்கத்தில் புது இடம் கொடுத்துவிடுங்கள்.

வயரிங்குக்கும் அதே கதைதான். சுவரைக் காடி வெட்டிப் புதைக்க வேண்டாமென்று, கறுப்புப் பூச்சடித்த குழாயைச் சுவர்மேலேயே நேர்கோட்டில் ஓட்டினோம். எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அவரே அதைப் படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுகிறாராம். ஏசி அம்மா அறையில் மட்டும். கூடத்துக்குத் தேவையே இல்லை. கத்திரி வெயிலில் மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கே பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள், ஒன்றரை அடிச் சுவரின் சுகம் தெரியும். அதே சுவர் வைஃபையையும் உள்ளே விடாது. ரேழிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, அம்மா அறைக்கு ஒன்று என்று மூன்று பெட்டி வைத்த பிறகுதான் என் பெண் சமாதானமானாள்.

தரையைப் பற்றி எழுதாவிட்டால் பாவம் பிடிக்கும். கூடத்தில் தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரை. அழுக்கும் மெழுகும் படிந்து கறுத்துக் கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் "மேலயே டைல்ஸ் ஒட்டிடுங்க" என்றார்கள். சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போட்டு நானும் மனைவியும் நாலு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தோம். உள்ளேயிருந்து வந்தது பாருங்கள் ஒரு சிவப்பு, மாதுளைச் சிவப்பு! அடுப்பங்கரைத் தரை மட்டும் உடைந்திருந்ததால் அங்கே ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றிக் கையாலேயே பூவேலை செய்து, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். சூளையே கிடையாது. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும்.

முற்றத்துக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. மேலே கண்ணாடி போட்டு ஏசி ஓட்டலாம் என்றான் தம்பி. முற்றத்தை மூடுவதும் மூக்கை அடைப்பதும் ஒன்று என்று நான் ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் இரும்புக் கிரில், அதன்மேல் கொசுவலை. மழை உள்ளேயே விழும். விழட்டுமே!

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் வீதிகளில் வெள்ளம். அன்று ராத்திரி நாங்கள் எல்லாரும் இந்த வீட்டில்தான் இருந்தோம். கரண்ட் இல்லை. முற்றத்தில் அருவி மாதிரி இறங்குகிறது, தூம்பு வழியாகக் கொல்லைக்கு ஓடுகிறது. நான் பக்கெட்டும் கையுமாக அறை அறையாகப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் டெரஸில் ஒரு சொட்டு இல்லை. ஒழுகியது ஒரே இடம்: புதுக் குளியலறையின் கான்கிரீட் தளம் பழைய சுவரோடு சேருகிற மூலை! மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வேலை முடிய பதினான்கு மாதம் ஆனது. நினைத்ததைவிடச் செலவும் அதிகம். சுண்ணாம்புத் தூசி எந்த அலமாரியைத் திறந்தாலும் இருந்தது. விழுப்புரம் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டேன். தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். ஃபிளாட்டில் எதிர்வீட்டுக்காரர் முகமே எனக்குத் தெரியாது.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிக்கிற ஆளுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு மொட்டைமாடியில் ஒரு நடை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் மேஸ்திரிக்கு இப்போது முழங்கால் வலி, படியேறுவது கஷ்டம் என்கிறார். கூப்பிடுவதாக இருந்தால் சீக்கிரம் கூப்பிடுங்கள்.