மொராண்டி பாலமும் ஊடகங்களின் காலந்தாழ்ந்த கவனமும்

பாலம், குடிநீர்க் குழாய், மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றில் உள்ள இரும்பும் எஃகும் ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கப்படுகின்றன. ஆனால் அவை இடிந்து விழும் நாளில்தான் அரிப்பு செய்தியாகிறது. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, இத்தாலியின் ஜெனோவா நகரில் இருந்த மொராண்டி பாலம்.

மறைந்திருந்த துரு

1967 செப்டம்பரில் திறக்கப்பட்ட இப்பாலத்தை வடிவமைத்தவர் ரிக்கார்தோ மொராண்டி. பாலத்தைத் தாங்கும் எஃகு வடங்களை அவர் கான்கிரீட்டுக்குள் பொதிந்தார். கான்கிரீட் எஃகைக் காக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கடலின் உப்புக்காற்றும் ஆலைப் புகையும் கான்கிரீட்டையே சிதைத்தன. விரிசல் வழியே ஈரம் உள்ளே புகுந்தது. வடம் துருப்பிடித்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. இந்தச் சிதைவைப் பற்றி 1979இல் மொராண்டியே எழுதினார். 1990களின் தொடக்கத்தில் 11ஆம் தூணின் வடங்கள் வெளிப்புற எஃகு வடங்களால் வலுப்படுத்தப்பட்டன. 9ஆம் தூணுக்கு அப்படிச் செய்யப்படவில்லை. 2016இல் பேராசிரியர் அந்தோனியோ பிரென்சிச் இப்பாலத்தைப் பொறியியலின் தோல்வி என்றே குறிப்பிட்டார். 2018 ஆகஸ்ட் 14 அன்று 9ஆம் தூண் சரிந்தது. 43 பேர் உயிரிழந்தனர்.

ஊடகங்கள் கண்டதும் காணாததும்

முதல் நாள் செய்திகளில் இடம்பெற்றவை உடைந்த விளிம்பருகே நின்ற பச்சை நிற லாரியும், மின்னல் தாக்கியதாகச் சிலர் சொன்னதும். மொராண்டியின் கட்டுரையும் பிரென்சிச்சின் கருத்தும் உலகச் செய்திகளில் இடம்பெற்றது அதன் பிறகுதான். எஞ்சிய கோபுரங்களை 2019 ஜூனில் வெடிவைத்துத் தகர்த்ததும், 2020 ஆகஸ்டில் புதிய பாலம் திறக்கப்பட்டதும் பெரிய செய்திகளாயின. இவை எல்லாவற்றுக்கும் ஒரு தேதி உண்டு, படம் உண்டு. அரிப்புக்கு இரண்டும் கிடையா. செய்தியாளரின் இந்தச் சிரமம் உண்மையானதே.

விபத்துக்குப் பின் எழும் கவனம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அதே 1967 டிசம்பரில் அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுக்கு மேலிருந்த சில்வர் பாலம், ஓர் இணைப்புச் சட்டத்தில் அரிப்பினால் வளர்ந்த சிறு விரிசலால் இடிந்து 46 பேர் இறந்தனர். அதன் விளைவாகவே அந்நாட்டில் பாலங்களை முறையாக ஆய்வு செய்யும் தேசிய விதிகள் உருவாயின. ஆனால் அந்த விதிக்கு 46 உயிர்கள் விலையாயின.

ஆய்வு அறிக்கையும் ஒரு செய்திதான். கடைசியாக எப்போது சோதித்தார்கள், எந்தப் பகுதியைப் பார்க்க முடியவில்லை, பழுதுபார்க்கும் வேலை எப்போது தொடங்கும் என்று கேட்பதற்குப் படம் தேவையில்லை. 11ஆம் தூணை வலுப்படுத்தியவர்கள் 9ஆம் தூணை ஏன் விட்டுவிட்டார்கள் என்பது, பாலம் விழுவதற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அது உரக்கக் கேட்கப்பட்டது 43 பேர் இறந்த பிறகே.