பக்கத்துக்கு ஆறு பாட்டு

ஒரு பாட்டு முடிந்துவிட்டது. அடுத்தது இன்னும் வரவில்லை. நடுவே இரண்டு மூன்று நொடி, முறத்தில் அரிசியை மெல்லச் சரித்தாற்போல் ஓர் இரைச்சல். கேசட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இரைச்சலின் அருமை தெரியும். அந்த நொடிகளுக்குள் அடுத்த பாட்டின் முதல் சுரம் தொண்டைக்கு வந்து காத்திருக்கும். நாடா அதைத் தொடும்போது நாமும் தொட்டிருப்போம். கோலம் போடுகிறவளின் விரல் அடுத்த புள்ளியைப் பார்க்காமலே அதை நோக்கி வளைவதுபோல அத்தனை இயல்பாக, அத்தனை நிச்சயமாக.

முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. இன்றும் ஏதோ ஒரு டீக்கடையில் ‘மூடுபனி’ப் பாட்டு ஒலித்து முடிந்தால், என் காது ‘ஜானி’க்குத் தயாராகிவிடுகிறது. அந்த இரண்டு படங்களுக்கும் வேறு உறவு எதுவும் இல்லை, இரண்டுமே 1980-இல் வந்தவை என்பதைத் தவிர. என் கேசட்டில் அவை பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்; அவ்வளவுதான்.

அந்தக் கேசட்டைப் பதிவு செய்தது 1987-இல், நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில் ஒரு ரெக்கார்டிங் கடையில். கோடு போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பதினாறு பாட்டு எழுதிக் கொடுத்தேன். அண்ணன் சைக்கிளில் கொண்டுபோனான். கடைக்காரர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “அறுபது நிமிஷக் கேசட்டுக்குப் பக்கத்துக்கு ஆறுதாம்மா வரும்னு தங்கச்சிகிட்ட சொல்லு” என்று நாலு பாட்டை அவரே அடித்தாராம். மூன்று நாள் கழித்துக் கேசட் வந்தது. அட்டையில் பச்சை மையில் படத்தின் பெயர்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி. ‘மௌன ராகம்’ என்று எழுதும்போது இடம் போதாமல் ‘ம்’ மட்டும் அட்டையின் மடிப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த ‘ம்’மின் புள்ளியைக்கூட எனக்குத் தெரியும்.

அந்த மனிதரின் கலையை அப்போது நான் அறியவில்லை. இப்போது நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது. நான் எழுதிய வரிசையை அவர் மாற்றியிருந்தார். வேகமான பாட்டு ஒன்றுக்குப் பின்னால் இன்னொரு வேகமான பாட்டை வைக்கவில்லை. ஜானகிக்குப் பின்னால் உடனே சித்ராவை வைக்காமல் நடுவில் ஓர் ஆண் குரலை உட்கார வைத்திருந்தார். எந்தப் பாட்டும் நாடாவின் முனையில் அறுபடாதபடி நிமிஷக் கணக்குப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் முதலில் ‘மூடுபனி’.

அந்தத் தொடக்கத்தை நீங்களும் ஒருமுறை மறுபடி கேளுங்கள். கிட்டார் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தொடப்படுகின்றன. பனியில் நனைந்த கொடியிலிருந்து துளி துளியாகச் சொட்டுவதுபோல. எங்கும் அவசரமில்லை. பிறகு யேசுதாஸின் குரல், அறைக்குள் யாரோ வந்ததுகூடத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய இளையராஜாவுக்கு இது நூறாவது படம். நாலே வருஷத்தில் நூறு. அந்த ஓட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து இத்தனை நிதானமான ஒரு கிட்டாரை எழுத ஒருவரால் முடிந்திருக்கிறது!

முதல் பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்திருக்கிறது. அதைக் காலியாக விடக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இளையராஜாவின் வாத்திய இசைத் தொகுப்பு அதற்கு முந்தைய வருஷம்தான் வெளிவந்திருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து நிரப்பியிருந்தார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் மேலே ஏறிக்கொண்டே போய், சட்டென்று, படிக்கட்டு முடிந்த மாதிரி நிற்கும். கேசட் ‘டக்’கென்று ஓயும். அந்த இசை அங்கேதான் முடிகிறது என்றே பல வருஷம் நம்பியிருந்தேன். பின்னாளில் அதன் மிச்சத்தைக் கேட்ட அன்று, பூட்டியே கிடந்த பக்கத்து அறையில் நம் சொந்தக்காரர்கள் குடியிருந்ததைக் கண்டுபிடித்தாற்போல் இருந்தது.

என் அம்மாவுக்குக் கேசட் ஒட்டவில்லை. அவளுடைய பாட்டெல்லாம் கடல் தாண்டி வந்தவை. 1952-இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக வந்தபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் குறைந்துபோனது. அந்தத் தாகத்துக்குத் தண்ணீர் வார்த்தது இலங்கை வானொலி. 1957-இல் விவித் பாரதி வந்தபிறகும், எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு வீடு முள் நின்றது இலங்கையில்தான். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலிக்கும்போது தெருவில் எந்த வீட்டைக் கடந்தாலும் பாட்டு அறுபடாது என்பாள் அம்மா. ஒரு திண்ணையில் விட்ட அடியை அடுத்த திண்ணை எடுத்துக்கொள்ளும்.

அம்மா பாடுவதில் ஒரு தனி அழகு உண்டு. பாட்டைத் தொடங்குமுன் அறிவிப்பாள். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று அந்த வரிசை மாறாமல், ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஒரு சின்ன மூச்சு விட்டு. ராஜேஸ்வரி சண்முகத்தின் குழைவும், அப்துல் ஹமீதின் அட்சர சுத்தமும் அந்த அரை நிமிஷத்தில் அவள் நாவில் வந்து போகும். அவளைப் பொறுத்தவரை அறிவிப்பும் பாட்டைச் சேர்ந்ததுதான். நிலைப்படி இல்லாமல் வீடு ஏது? “படம், நெஞ்சில் ஓர் ஆலயம். பாடியவர், பி. சுசீலா” என்று சொல்லி நிறுத்தும்போதே அவள் முகம் 1962-க்குப் போய்விடும். சுசீலாவின் அந்தப் பாட்டை அவள் பாடிக் கேட்டுத்தான் அதன் நுட்பம் எனக்குப் பிடிபட்டது. துக்கம் ததும்பும் இடத்தில் சுசீலா குரலை உடைப்பதில்லை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பவள்போல, ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோகிறார். சிந்தாததால்தான் நமக்குக் கண் கலங்குகிறது.

பாட்டியோ, தான் பாடும் நீளமான பாட்டுகளில் நட்டநடுவில் ஓரிடத்தில் நிறுத்திவிடுவாள். மூச்சு வாங்க என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; காரணம் வேறு. அவள் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். பெரிய பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்திருப்பார்கள். தட்டைத் திருப்பிப் போடும் நேரத்தைத்தான் பாட்டி தன் பாட்டுக்குள் அப்படியே வைத்திருந்தாள். ‘ஹரிதாஸ்’ வந்த 1944-இல் அவளுக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக்காரர் தட்டைத் திருப்பிய அந்த மௌனம், அவள் கண்மூடும் வரை அவளோடு இருந்தது.

என் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் நாலாவது பாட்டுக்கு மட்டும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிற்பாள். ‘மெல்லத் திறந்தது கதவு’. 1986-இல் வந்த அந்தப் படத்தில் எம்.எஸ். விசுவநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்கள். மெட்டு அவருடையது, வாத்தியக் கோப்பு இவருடையது என்பார்கள். கண்ணனும் குயிலும் வரும், சித்ரா பாடிய பாட்டு. அதை அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றே வெவ்வேறு விதமாகக் கேட்டோம். அவள் குரலின் வழியே போவாள். வரிகள் வளைந்து இறங்கும் இடத்தில் தன் பழைய மன்னரான விசுவநாதனை அடையாளம் கண்டு தலையசைப்பாள். நான் குரலின் பின்னால் ஓடும் இழைகளைப் பிடித்துக்கொண்டு போவேன். புல்லாங்குழல் வரும் இடத்தில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வோம். இரண்டு தலைமுறையின் காதும் ஒரே பாயில் உட்கார இடம் தந்த பாட்டு அது. தமிழுக்குப் புதிதாய் வந்திருந்த சித்ராவின் குரலில்தான் என்ன இளமை! வாழைக் குருத்தின் முதல் விரிப்பில் இருக்குமே ஒரு வெளிர்பச்சை, அந்த நிறம் அந்தக் குரலுக்கு.

ஓர் ஐப்பசி அடைமழையில் டேப் ரெக்கார்டர் அந்தப் பாட்டைக் கடித்துவிட்டது. மூடியைத் திறந்தால் பழுப்பு நாடா இடியாப்பமாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது. பதறிப்போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நகம் படாமல் ஒவ்வொரு சுற்றாக விடுவித்தேன். பென்சிலுக்கு ஆறு பட்டை, கேசட் சக்கரத்துக்கு ஆறு பல். ஒன்றுக்கென்றே மற்றதைச் செய்த மாதிரி அத்தனை பொருத்தம். மெல்லச் சுற்றி உள்ளே இழுத்துவிட்டேன். நாலு விரற்கடை நீளத்துக்குச் சுருக்கம் மட்டும் போகவில்லை. கேசட் நாடா நொடிக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஓடும். ஆக, ஒன்றரை நொடி. அது சரியாகப் புல்லாங்குழலின்மேல் விழுந்தது. அதற்கப்புறம் அந்தக் குழல் அங்கே வரும்போது தண்ணீருக்குள் ஒருமுறை முங்கி எழும். முதலில் அழுதேன். போகப்போக, அந்த நெளிவு வரும்வரை பாட்டு வந்து சேராததுபோல் இருக்கத் தொடங்கியது.

தம்பிக்கு வேறு காலம். அவன் பதின்வயதில் இருக்கும்போது, 1992-இல், ‘ரோஜா’ வந்தது. மின்மினியின் குரலைவிட அதன் கீழே நடந்த தாழ்ந்த சுரங்கள்தான் அவனைப் பிடித்தன. பேருந்து இருக்கையில் கையை வைத்து, “அக்கா, பாட்டு கைக்குத் தெரியுது பார்” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் அவன் தலைமுறை முழுக்க இருந்தது.

என் மகள் காதுக்குள் செருகிக்கொண்டு கேட்கிறவள். பாட்டுக்குமுன் பாடகர் மூச்சிழுக்கும் சத்தத்தை எனக்குக் காட்டித்தந்தவள் அவள்தான். 2018-இல் ‘96’ பார்க்க அவளோடு போனேன். பள்ளியில் கூடப் படித்தவன் கேட்டுக் கேட்டும் கதாநாயகி ஜானு பாடாமலே வைத்திருந்த பாட்டு, ‘தளபதி’யில் வருவது. எல்லாம் முடிந்துபோய் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பின், மின்சாரம் போன வீட்டில், இருட்டுக்குள்ளிருந்து அதைத் தொடங்குகிறாள். துணைக்கு வாத்தியம் இல்லை. அவன் தட்டுத் தடுமாறி ஓடி வருகிறான். நான் அழுததில் ஆச்சரியமில்லை, 1991-இல் அந்தப் பாட்டைக் கேட்டவள் நான். பக்கத்தில் பதினேழு வயதுக்காரி ஏன் தேம்பித் தேம்பி அழுதாள்? அவள் பிறக்கும்போது அந்தப் பாட்டுக்கே பத்து வயது.

2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரும்ஹான்சல் என்ற அறிஞர், இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி ஆராய்ந்தார். தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளும் அவர்களுக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. அதற்கும் முந்தைய தலைமுறையினுடையவையும்கூட. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அடுப்படி நினைவுக்கு வந்தது.

போன மாதம் அங்கேதான். மகள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய கைப்பேசி தானாக எதையோ தேடி எடுத்து, அந்தச் சித்ரா பாட்டைப் போட்டது. கூடத்தில் ஈஸிசேரிலிருந்து அம்மா, “படம், மெல்லத் திறந்தது கதவு...” என்று தொடங்கி, மன்னர் பெயரை முதலில் சொல்லி, ராஜாவை அடுத்து சொல்லி முடித்தாள். மகள் பாட்டோடு முனகிக்கொண்டே காயை உடைத்தாள். புல்லாங்குழல் வந்தது. சுத்தமாக, நேராக, ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மகள் கை நின்றது.

“அம்மா, இங்க ஒரு எடம் முங்கி எழும்பும்ல? இதுல காணோம்?”

அந்தக் கேசட்டை அவள் பார்த்ததே இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே அது எங்கோ போய்விட்டது. தாலாட்டாகவும், தலை பின்னும்போதும், துணி மடிக்கும்போதும் நான் பாடித்தான் அவளுக்கு அந்தப் பாட்டுத் தெரியும்.

மடியிலிருந்த காயை ஒதுக்கிவிட்டு, ஈர விரலால் பாட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். குழல் மறுபடி வந்தது. அது தன் பாட்டுக்கு நேரே போக, நாங்கள் இருவரும் அந்த இடத்தில் ஒன்றரை நொடி முங்கி எழுந்தோம்.