மௌன வசந்தம்: உவமையும் சாட்சியமும்

சுற்றுச்சூழல் இயக்கத்தின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிப்போர் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ என்னும் நூலைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1962இல் நூல் வெளிவந்தது. 1972இல் அமெரிக்க அரசு டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் பயன்பாட்டை ஏறக்குறைய முழுவதும் தடை செய்தது. இவ்விரு ஆண்டுகளை மட்டும் மனனம் செய்யும் மாணவன், நல்ல நூல் ஒன்று வந்தால் உலகம் தானே திருந்திவிடும் என்றல்லவா எண்ணுவான்?

முதல் அதிகாரம் ஓர் உவமைக் கதை. பெயரற்ற ஓர் ஊரில் கால்நடைகள் மடிகின்றன; முட்டைகள் பொரிப்பதில்லை; வசந்தம் வந்தும் பறவைகளின் பாட்டொலி இல்லை. அத்தகைய ஊர் உண்மையில் இல்லை என்றும், ஆயினும் அத்துன்பங்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் நிகழ்ந்தவையே என்றும் ஆசிரியரே கூறிவிடுகிறார். உள்ளத்தைத் தட்டி எழுப்புவது உவமையின் பணி. அதனை இக்கதை செவ்வனே செய்கிறது. ஆனால் வகுப்பறையில் இதனோடு நிறுத்திக்கொண்டால் மாணவரிடம் எஞ்சுவது அச்சமே.

நூலின் உண்மை வலிமையை நான்காம் அதிகாரத்தில் காண்கிறோம். கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில், மீன்பிடிக்க வருவோர்க்குத் தொல்லை தந்த சிறு பூச்சிகளை ஒழிக்க, 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யை ஒத்த மருந்தொன்று நீரில் கலக்கப்பட்டது. பின்னர் முக்குளிப்பான் இனப் பறவைகள் நூற்றுக்கணக்கில் மடிந்தன. தொற்றுநோயின் தடயம் எதுவும் அகப்படவில்லை. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோதோ, பத்து இலட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது. நீரில் இட்டது ஐந்து கோடியில் ஒரு பங்குதான்! நுண்ணுயிர், மீன், பறவை எனப் படிப்படியாக அது 80,000 மடங்கு பெருகிவிட்டது. நீரில் நஞ்சின் சுவடே மறைந்த பின்னும் உயிர்களின் உடலில் அது நிலைத்திருந்தது. இது உவமையன்று, சாட்சியம்.

சாட்சியம் எளிதில் ஏற்கப்படுவதில்லை. இரசாயன நிறுவனங்கள் நூலைக் கடுமையாக எதிர்த்தன. 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழு கார்சனின் கவலையைப் பெரிதும் உறுதிசெய்தது. 1964இல் புற்றுநோய் அவர் உயிரைப் பறித்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் வழக்குகளும் விசாரணைகளும் தொடர்ந்த பிறகே தடை வந்தது. பாடங்கள் விழுங்கிவிடுவது இந்த இடைக்காலத்தைத்தான்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. பூச்சிக்கொல்லியை ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்று கார்சன் சொல்லவில்லை. எனினும், மலேரியாவிலிருந்து அம்மருந்து காத்த உயிர்களைப் பற்றி அவர் பேசுவது மிகச் சொற்பம். 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் நோய்த் தடுப்புக்காக அதற்கு விலக்கு அளித்தது. இதனையும் மறைக்காமல் கற்பிப்பதே நேர்மை.

ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் நான்காம் அதிகாரத்தை முதலில் வாசிக்கத் தரலாம். அந்த 80,000 மடங்கை மாணவரே கரும்பலகையில் கணக்கிட்டுக் காணட்டும். அதன்பின் உவமையை வாசித்தால், அவ்வூரின் மௌனத்திற்குக் காரணம் தேடும் பழக்கம் அவர்களுக்குக் கைவந்திருக்கும்.