மூன்று மில்லிமீட்டர் கேரட்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் சமையல் படிக்கப் போனால், அடுப்புக்கு முன்னால் கத்திதான். சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் 1936 முதல் இந்தப் படிப்பு உண்டு. எனக்குப் பிடித்தது 'புருன்வாஸ்' பாடம். கேரட்டின் உருண்ட பக்கங்களைச் சீவிச் சதுரமாக்கி, 3 மில்லிமீட்டர் தகடுகளாக அரிந்து, அடுக்கிக் குச்சிகளாக்கி, திருப்பிப்போட்டு நறுக்கினால் துவரம்பருப்பைவிடச் சின்னதாகக் கட்டங்கள் உதிரும். வாத்தியார் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதும் உண்டு. வீம்பு இல்லை, அளவு ஒன்றானால்தான் எல்லாம் ஒன்றாக வேகும். (கூர்க்கத்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலைப் பதம் பார்க்கும்.) சீவிய ஓரங்கள் குப்பைக்குப் போவதில்லை. எலும்பு, வெங்காயம், செலரியோடு ஸ்டாக் பானையில் கொதித்து, மாணவர்களே நடத்தும் உணவகத்தில் மறுநாள் சூப்பாக வரும்.