திரைக்கு முன்னால் ஒருவர் மட்டுமா?

இணையதள வடிவமைப்பு படிக்கும் மாணவிகளுக்கு முதலில் கிடைப்பது ஜேக்கப் நீல்சன் 1994இல் வகுத்த பத்து விதிகள். நானும் அதிலிருந்துதான் சொல்லிக்கொடுக்கிறேன். அதைவிட எளிய தொடக்கம் இல்லை. மூன்றாவது விதி அவசர வழி பற்றியது. தெரியாமல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டவர் சட்டென்று வெளியேற முடிய வேண்டும். நீல்சன் மனதில் இருந்தவை, செய்ததை ரத்துசெய்யும் பொத்தான், பின்னால் போகும் பொத்தான் போன்றவை.

2023இல் பிரிட்டன் அரசின் வடிவமைப்புத் தொகுப்பில் அதே அவசர வழி வேறு பொருளில் வந்தது. குடும்ப வன்முறைக்கு உதவி தேடிப் படித்துக்கொண்டிருக்கும் பெண், அடிப்பவன் அறைக்குள் நுழைந்தால் அழுத்துவதற்கான பொத்தான் அது. ஷிஃப்ட் விசையை மூன்று முறை தட்டினாலும் போதும். வழக்கமான அமைப்பில் பிபிசியின் வானிலைப் பக்கம் வந்துவிடும். வானிலை! யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் எந்தெந்தப் பக்கம் பார்த்தோம் என்று பிரௌசர் வைத்திருக்கும் பட்டியலை அது அழிப்பதில்லை.

இங்கேதான் எனக்கு நீல்சனோடு வழக்கு. ஏற்கெனவே பார்த்த இணைப்பு நிறம் மாற வேண்டும் என்பது அவருடைய இன்னொரு அறிவுரை. பயனருக்கு நினைவுச்சுமை குறையும், உண்மைதான். கண்காணிக்கப்படும் பெண்ணுக்கோ அந்த நிறமே காட்டிக்கொடுக்கும். பயனர் என்ற சொல் ஒருமை. அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், கருவி அவருடையது, தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று விதிகள் எடுத்துக்கொள்கின்றன.

படிவங்களிலும் இதே கதைதான். அதே பிரிட்டன் தொகுப்பு, பெயருக்கு ஒரே பெட்டி போதும் என்கிறது. திருமதியா செல்வியா என்று கேட்பதையும் தவிர்க்கச் சொல்கிறது: பாலினத்தையும் மணநிலையையும் வெளியிடும்படி ஏன் ஒருவரைக் கட்டாயப்படுத்த வேண்டும்? குடும்பப் பெயரே இல்லாத நம் பெண்கள், 'கடைசிப் பெயர்' பெட்டியில் அப்பா பெயரைப் போடுகிறார்கள், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை. காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் பிழை. யாருடைய பிழை? தாய் மட்டும் வளர்த்தவர்கள் பான் அட்டைக்குத் தகப்பன் பெயர் தர வேண்டியதில்லை என்ற விதி 2018 டிசம்பர் 5 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

பெட்டியைத் திருத்துவது சுலபம். ஓடிபி அப்படியில்லை. வீட்டில் இருக்கும் ஒரே போன் கணவர் சட்டைப்பையில் என்றால், அவள் கணக்கைத் திறக்கும் ஆறு இலக்கங்களும் முதலில் அவரிடம்தான் போகின்றன.